கடலுக்குப் போகாத டீசல்

கல்முனைக்குடியில் றம்ஸீன் நடத்தும் கணக்காய்வு நிறுவனத்தில் ஆதிலா ஆறு வருடமாகப் பட்டயக் கணக்காளர். அங்கே செயற்கை நுண்ணறிவு வந்து ஒரு வருடம்தான். அதற்குள் கணக்கு எழுதும் மூன்று கிளாக்குகளில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் ஒரு கிழமை மாரடித்த வேலையை அது தேநீர் ஆறுவதற்குள் முடித்தது. கூட்டல் கழித்தலில் அதனோடு ஆதிலாவுக்கு வழக்கொன்றும் இல்லை.

ஒருநாள் அது ஒரு பெண்ணைக் கள்ளி என்றது.

பெரியநீலாவணையில் ஒரு மீனவர் சங்கத்தின் பில்களைப் படம்பிடித்து அதற்குள் போட்டிருந்தார்கள். கார்த்திகைக் கடைசியில் பதினொரு நாள் சங்கம் டீசல் வாங்கியிருந்தது. அந்த நாட்களின் வானிலையையும் செயற்கை நுண்ணறிவே தேடிப் பார்த்தது. கடும் மழை, காற்று. ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. ஆகவே பில்கள் பொய், காசாளர் யசோதினிதான் காரணம் என்று அறிக்கை முடிந்தது. சங்கத்துக்குக் காசு உதவும் கொழும்பு அமைப்புக்கு, கையொப்பம் வைக்கும் முன்பே றம்ஸீன் நகலை அனுப்பினார். அங்கிருந்து வந்த கட்டளைக்குப் பயந்து, சங்கம் யசோதினியை வேலையிலிருந்து நிறுத்தியது. மிச்சம் இருந்தது ஆதிலாவின் கையொப்பம் மட்டும்.

அந்தப் பெண்ணிடம் யார் கதைத்தது என்று ஆதிலா கேட்டாள். யாருமில்லை. கோப்பை மூடிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

யசோதினி வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கட மிசின்தான் என்னைக் கள்ளி எண்டு சொல்லிட்டுதே. இனி என்ன கேக்க வந்தீங்க?"

டீசல் எங்கே போனது என்று கேட்கத்தான் வந்ததாக ஆதிலா சொன்னாள். யசோதினி வாசலை விட்டு விலகினாள்.

"ஊருக்குள்ள வெள்ளம் நிண்டது, மிஸ். பதினொரு நாளும் அந்த டீசல்லதான் தண்ணிப் பம்பு ஓடினது. கொமிட்டி முடிவெடுத்துத்தான் வாங்கின. கூட்டக் கொப்பியில எழுதிக் கிடக்கு. ஆரும் கேக்கல்லையே."

கூட்டத் தீர்மானங்கள் எழுதிய அந்தக் கொப்பியை யாரும் படம்பிடித்திருக்கவில்லை. ஆதிலா அதை வாங்கி ஒவ்வொரு கையொப்பமாகப் பார்த்தாள். பம்புக்காரரைத் தேடிப்பிடித்தாள். ஐந்து வீடுகளில் விசாரித்தாள். ஒரேயொரு பில்லில் மட்டும் சங்கத் தலைவரின் கையொப்பம் விடுபட்டிருந்தது, அதையும் குறித்துக்கொண்டாள்.

றம்ஸீனுக்கு அது பிடிக்கவில்லை. அனுப்பிய அறிக்கையைத் திரும்ப எடுத்தால் நிறுவனத்தின் மானம் போகும் என்றார். மட்டக்களப்பில் கையொப்பம் வைக்க ஆள் இருக்கிறது என்றும் சொன்னார்.

"மிசின் பிழை விட்டா அத யாரும் கோர்ட்டுக் கூட்டில ஏத்தமாட்டாங்க, சேர். கீழ இரிக்கிறது என்ட பேரு. நான் பாக்காத ஒண்டுக்கு என்ட கை எழுதாது. வேற ஆளக் கூப்பிடுங்க. அவருக்கும் இந்தக் கொப்பியக் காட்டத்தான் போறன்."

அன்று மாலையே தன் அறிக்கையை எழுதி, விடுபட்ட கையொப்பத்தையும் மறைக்காமல், கொழும்புக்கும் சங்கத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள். றம்ஸீன் மட்டக்களப்புக்கு அழைப்பு எடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை யசோதினி வேலைக்குத் திரும்பினாள். ஆதிலாவிடமிருந்து இரண்டு பெரிய வாடிக்கையாளர்களை றம்ஸீன் பறித்துக்கொண்டார். இனி நேரில் போய் விசாரிக்காமல் அறிக்கையில் யாருடைய பெயரையும் எழுதமாட்டேன் என்று அவள் அவரிடம் கடிதமாகவே கொடுத்தாள். அப்படியானால் பயணச் செலவு கிடையாது என்று பதில் வந்தது.

அவள் தன் செலவில் போய்க்கொண்டிருக்கிறாள்.