அம்மாவின் தொட்டாச்சிணுங்கி

செலினா மூச்சிரைக்க மயானத்து மேட்டில் ஏறி வந்தபோது, தம்பி ஜெகன் புல் வெட்டும் மெஷினை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடுப்பளவு நின்ற காடு மொட்டையாகக் கிடந்தது.

“பாத்தியா அக்கா? அப்பாவுக்காக ஒரு மணித்தியாலத்துல முடிச்சிட்டேன்.”

“அட பாவி! அம்மா எங்கடா?”

ஜெகன் சுற்றுமுற்றும் பார்த்தான். சிலுவைகளைக் கறையான் தின்று, மேடுகளை மழை கரைத்துப் பல வருஷமாயிற்று. அம்மாவைப் புதைத்த இடத்துக்கு இருந்த ஒரே அடையாளம் அதன்மேல் வளர்ந்த செடி. இடம் அப்பாவுக்குத்தான் தெரியும். அவரோ கீழே லயத்து வீட்டில் சவப்பெட்டிக்குள் இருந்தார். மூன்று மணிக்கு ஃபாதர் வந்துவிடுவார், குழி இன்னும் வெட்டவில்லை.

அப்பா இராயப்பன் நாற்பது வருஷம் ரப்பர் மலையில் களை பிடுங்கும் ஆட்களுக்குக் கங்காணி. களைகளில் மூன்றே ரகம் என்பார்: நிமிர்ந்து நிற்பது, படுத்துப் படர்வது, அடுத்தவன் தோளில் ஏறுவது. மனிதர்களையும் அதிலேயே அடக்கிவிடுவார். மகன் மூன்றாவது. அம்மா இரண்டாவது, உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலு வீட்டுக் கதைக்குள் படர்ந்துவிடுவாள். அதனால்தான் அவள்மேல் முளைத்த தொட்டாச்சிணுங்கியை மட்டும் அவர் பிடுங்கவில்லை. இன்னொரு கங்காணி சூசை முதலாவது, கிளையே விடாமல் விறைத்து வளரும் முரட்டுப் பூண்டு. எதை வெட்டுவது, எதைப் பிடுங்குவது என்ற சண்டையில் இருவரும் இருபது வருஷம் பேசவில்லை. சூசை செத்தும் அப்பாவின் கோபம் சாகவில்லை.

முந்தாநாள் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் மகளின் கையைப் பிடித்துக் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

“உங்கம்மா பக்கத்துல போடுங்க. அவ மேல தொட்டாச்சிணுங்கி கெடக்கும். அந்த சூசை பக்கத்துல மட்டும் போட்டுறாதீங்க, சொல்லிப்புட்டேன்.”

வாழ்நாளில் அவர் மகளிடம் கேட்டது இது ஒன்றுதான்.

செலினா சேலையைச் செருகிக்கொண்டு குந்தினாள். மெஷின் நிமிர்ந்து நின்றதையெல்லாம் சீவியிருந்தது. தரையோடு படுத்துக் கிடந்த தொட்டாச்சிணுங்கி தப்பியிருந்தது. முள் குத்தக் குத்த ஒரு கிளையைப் பிடித்துப் பின்னால் போனாள். அது பெரிய கிளையில் சேர்ந்தது, அது இன்னும் தடித்த ஒன்றில். நாலா பக்கத்துக் கிளைகளும் ஒரே தூரில் வந்து முடிந்தன.

“இங்கதான்டா!”

ஜெகன் வலப்பக்கம் வெட்டினான். இரண்டடியில் மண்வெட்டி கணீரென்றது. கருங்கல். கொஞ்சம் தள்ளி வெட்டினான், அங்கேயும் அதே கல். இடப்பக்கம் ஒரு குழிக்கு அளவாக மண் மெத்தென்று இருந்தது. ஆனால் அதற்கு அந்தப் பக்கம் புல்லுக்கடியில் ஒரு சிமெந்துப் பலகை தட்டுப்பட்டது. ஜெகன் மண்ணைத் துடைத்து வாசித்தான்.

“சூசை.”

கீழே ஜெபப் பாட்டு கேட்டது. பெட்டி புறப்பட்டுவிட்டது.

“என்னக்கா செய்றது?”

செலினா தூரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நடுவுல வெட்டு.”

“அப்பா நம்மள சும்மா விடமாட்டாரு.”

“இந்தப் பக்கம் அம்மா இருக்காள்ல? அவ பேசிக்குவா.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரும்தான்.

நாலு மணிக்கு எல்லாரும் ஒரு பிடி மண் போட்டு இறங்கிப் போனார்கள். ஜெகன் புதுச் சிலுவையை நேராக நட்டு, அடியில் கல் வைத்து இறுக்கினான். செலினா பத்து எட்டு வைத்து நடந்தவள் திரும்பி வந்து, அதை அம்மா பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.