மூன்றாவது சட்டம்

நான்கு ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மெத்தைக்காரர் கேன்வாஸ் துணியைக் குறடால் இழுத்தார். மரச்சட்டத்தின் நடுவில் ஓர் ஆணி. அதற்கு நேரெதிர்ப் பக்கத்தின் நடுவில் மற்றோர் ஆணி. அங்கிருந்து இருபுறமும் மூலையை நோக்கி. முப்பத்தெட்டு வருடம் சோபாவுக்கும் பேருந்து இருக்கைக்கும் உறை தைத்த கை, சுவரில் தொங்கப் போகிற அலங்காரப் படத்துக்கும் அதே முறையைத்தான் அறிந்திருந்தது. மூலையில் துணியை மடித்துத் தட்டிவிட்டு, விரலால் நடுவில் சுண்டினார். மேளம் போல் ஒலித்தது.

"அப்பா, இதுல யாரும் ஏறி உட்காரப் போறதில்லை. ஏன் இந்த இழுப்பு இழுக்கறீங்க?" என்றாள் மகள். அவள் முதல் படத்தை முடித்துவிட்டு, இரண்டாவதன்மேல் காகித டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"தொங்குற துணி தொய்ஞ்சா, தச்சவனைத்தான் திட்டுவான்."

"இங்க வந்து யாரு திட்டப் போறா?"

மனைவி போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அதன்பிறகு இந்த வீட்டுக்கு ஆள் வருவதே அரிது.

வேலை மிக எளிது என்று மகள் காலையிலிருந்து பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். டேப் ஒட்ட வேண்டும். நடுவில் விழும் முக்கோணங்களில் நீலமும் சாம்பலும் மஞ்சளுமாகக் கரண்டியால் அப்ப வேண்டும். முழுதாகக் காய்வதற்கு முன் டேப்பை உரிக்க வேண்டும். வெள்ளைக் கோடுகள் தாமாகவே மிஞ்சும். படம் வரையத் தெரியாதவர்களுக்கான படம். நாளை மதியம் அவள் ஊருக்குப் புறப்படுகிறாள். அதற்குள் மூன்று படங்களும் சுவரேறிவிட வேண்டும்.

எல்லாம் அந்தச் சுவரால் வந்த வினை. அம்மா படுத்திருந்த அறை கண்ணில் பட்டாலே அழுகை வருகிறது என்று சொல்லி, போன மாதம் வந்தபோது மகள்தான் வண்ணம் பூச ஆள் பிடித்தாள். வந்தவன் ஒரே நாளில், அடிப்பூச்சு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே அறியாதவனைப் போல, பழைய கரும்பச்சையின்மேல் வெள்ளையை இழுத்துவிட்டுப் போய்விட்டான். மெத்தைக்காரர் அன்று முழுக்க அவன் பின்னாலேயே நின்று கத்தினார். செய்கிற வேலையில் நாணயம் இல்லாதவனிடம் காது மட்டும் எப்படி இருக்கும்? பத்தே நாளில் வெள்ளையை மீறிக்கொண்டு மஞ்சள் கறைகள் கிளம்பின. கட்டில் கிடந்த இடத்திலிருந்து வாசற்கதவு வரை, மார்பளவு உயரத்தில், வரிசையாகத் திட்டுத் திட்டாக. அடுத்து ஒரு பூச்சுக்கு அவர் சம்மதிக்கவில்லை. அதனால்தான் இந்த மூன்று படங்கள்.

"மூணாவது சின்னதா இருக்கணும்ப்பா. ஸ்விட்ச் போர்டு இடிக்கும். அளந்துட்டு வாங்களேன்."

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர் கதவோரம் போனார். கடைசிக் கறைதான் இருப்பதிலேயே அழுத்தமானது. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நாள் பதிந்தது போலக் கெட்டியாக இருந்தது. நாடாவின் முனையைச் சுவரில் அழுத்திப் பிடிப்பதற்காக இடக்கையை ஊன்றினார். கை கறைக்குமேல் சரியாக உட்கார்ந்தது. விரலுக்கு விரல், கட்டைவிரலுக்குக் கட்டைவிரல். அவர் கைதான் பெரிது.

நாடா சுருண்டு உள்ளே போயிற்று. அவர் நகரவில்லை. பிறகு மெல்லத் திரும்பி, கட்டிலிருந்த மூலையிலிருந்து எண்ணினார். ஏழு. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓர் அடிக்குச் சற்றே அதிகம். இழுத்து இழுத்து வைக்கும் காலுக்கு ஓர் எட்டு அவ்வளவுதான் வரும்.

பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன பிறகு மனைவி ஒருமுறை எழுந்து நடந்து கீழே சரிந்தாள். நெற்றியில் மூன்று தையல். அன்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. இனி எழுந்திருக்க மாட்டேன் என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் மறுநாள் பட்டறைக்குப் போனார். எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு சாவியைக் கொடுத்திருந்தார். அவள் மத்தியானம் வந்து சோறூட்டி, இரண்டு கைக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போவாள். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு. ஆனால், மாலையில் காய்கறிப் பையும் துணிச்சுருளுமாக அவர் வந்து நிற்கும்போது கதவு ஒரு விரற்கடை திறந்தே இருக்கும். ஒரு நாளா, இரண்டு நாளா? தினமும்.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. நடுத்தெருவில் வைத்துக் கேட்டார். "எழுந்திரிக்க முடியாதவளைத் தனியா விட்டுட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டுப் போறியே, உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"சாத்திட்டுத்தாண்ணே போனேன்."

"பொய்! வாய் கூசாமப் பொய் சொல்றே. சாவியைக் கொடு."

அவள் கொடுத்துவிட்டாள். உள்ளே மனைவி அன்றிரவு முழுவதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மறுநாளே அவர் தையல் இயந்திரத்தை வீட்டுக்குத் தூக்கி வந்து, அவள் கட்டிலுக்கு அருகிலேயே போட்டுக்கொண்டார். ஊரே மெச்சியது. அதன்பிறகு கதவு திறந்து கிடக்கவே இல்லை. அவளும் நாளுக்கு நாள் மெலிந்து, மூன்று மாதத்தில் புரண்டு படுக்கவும் இயலாதவளானாள்.

"அளந்தாச்சா?" என்றாள் மகள். இரண்டாவது படத்தின் டேப்பை உரித்துக்கொண்டிருந்தாள். சர்ரென்று அது வருகிற சத்தம் அவருக்கு எங்கோ தொலைவில் கேட்டது.

"இதோ வரேன்."

செருப்பைக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தார். எதிர்வீட்டுக்காரி வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். இருவரும் பேசிப் பதினோரு மாதமாகிறது. இழவுக்கு வந்தபோதுகூட அவரைப் பார்க்காமல், மனைவியின் காலடியில் நின்று பார்த்துவிட்டுப் போனவள்.

"ஏம்மா..." என்றார். தெருவே அதிரக் கத்திய தொண்டையிலிருந்து இப்போது காற்றுத்தான் வந்தது. "ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போறியா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குள் மகள் இரண்டு படங்களையும் மாட்டிவிட்டிருந்தாள். முதல் ஆறு கறைகள் மறைந்திருந்தன. "அத்தை! வாங்க வாங்க. எப்படி இருக்கு? நானே செஞ்சது. ரெண்டாவது இன்னும் காயலை, அவசரத்துல மாட்டிட்டேன்."

எதிர்வீட்டுக்காரி படத்தைப் பார்க்கவில்லை. கதவோரம் மிஞ்சியிருந்த அந்த ஒன்றைத்தான் பார்த்தாள்.

"அஞ்சாவது அடியில நின்னுடுவா" என்றாள். "மூச்சு வாங்கும் அவளுக்கு."

மெத்தைக்காரர் தையல் இயந்திரத்தின் முக்காலியில் உட்கார்ந்தார். "அப்போ... உனக்குத் தெரியுமா?"

"எதிர்ல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேண்ணே. விழுந்துடப் போறாளேன்னு என் உசிரு கையில இருக்கும். ஜன்னல் வழியா என்னைப் பார்த்துச் சிரிப்பா, அழும்பு புடிச்சவ. 'அவரு ரெண்டு கையிலயும் சாமானோட வருவாரு, சாவி தேடி அல்லாடுவாரு, நான் இதுவாவது செய்யக் கூடாதா'ன்னு கேப்பா. சொல்லக் கூடாதுன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா."

"நான் அவ்வளவு பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா, நடக்க விட்டிருப்பீங்களா?"

அந்தக் கேள்வியில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

மகள் சுத்தியலைக் கையில் வைத்தபடி ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள். "என்னப்பா? யாரு நடந்தா? என்ன சொல்றாங்க அத்தை?"

எதிர்வீட்டுக்காரிதான் பதில் சொன்னாள், வாயால் அல்ல. கட்டில் கிடந்த மூலைக்குப் போனாள். சுவரை இடப்பக்கம் வைத்து நின்று, வலது தோளைத் தொங்கவிட்டு, இடக்கையைப் பரப்பிச் சுவரில் ஊன்றினாள். வலக்காலை இழுத்து வைத்தாள். முதல் படத்தின்மேல் கை நகர்ந்தது. இரண்டு. மூன்று. நாலு. மகளின் கையிலிருந்த சுத்தியல் மெல்லத் தாழ்ந்தது. ஐந்தாவதில் அவள் நின்றாள். நெற்றியைச் சுவரில் சாய்த்து, இன்னொருத்தியின் மூச்சை வாங்கினாள். விரல்களுக்கு அடியில் ஈர நீலம் பிதுங்கி, வெள்ளைக் கோடுகளின்மேல் வழிந்தது. பெயிண்ட் பெயிண்ட் என்று யாரும் பதறவில்லை.

ஆறு. படம் முடிந்து வெறுஞ்சுவர் வந்தது. நீலம் அப்பிய அந்தக் கை, ஏழாவது தடத்துக்கு ஒரு சாண் முன்னால், எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது.