கொதிக்க வைத்த ஆறு

கெம்பள்ளம் ஆற்றில் மீன் கிடையாது என்று ஊட்டி மீன்வளத்துறை ஆபீசில் தட்டச்சு அடித்தவன் நான்தான். மேலே இருந்து வருவதை அடித்துக் கீழே அனுப்புவது என் வேலை. அது சரியா தப்பா என்று யோசிக்க எனக்குச் சம்பளம் கிடையாது.

அந்த ஆறு எமரால்டு என்ற மலைக் கிராமத்துக்கு மேலே சோலைக்குள்ளிருந்து இறங்கி வருகிறது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் அதில் உண்டு. யாரும் திருட்டுத்தனமாகப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள சுடலைமணி என்று ஒரு காவலர், கரையிலேயே இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அவரும் மனைவி வீரம்மாவும் பதினாறு வருஷமாக அங்கேதான் இருந்தார்கள். தெற்கே இருந்து பிழைக்க வந்தவர்கள், திரும்பிப் போக ஒரு ஓலைக்கூரைகூடக் கிடையாது, பேச்சுகூட இந்தப் பக்கத்துப் பேச்சாகிவிட்டது. பதினாறு வருஷத்தில் சுடலைமணி ஒரு கேஸ்கூடப் பிடித்ததில்லை. அந்தக் குளிரில் எந்தத் திருடன் தண்ணீரில் இறங்குவான்?

எண்பத்தேழாம் வருஷம் தை மாதம் கோயமுத்தூர் ஆய்வகத்திலிருந்து ஆறுக்குட்டி என்பவர் வந்தார். மலை ஆறுகளில் மனிதர் குளிக்கலாமா, மீன் வாழலாமா என்று பார்த்துச் சொல்லும்படி அவருக்கு உத்தரவு. இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். ஒன்று கிருமியை எண்ண. இன்னொன்று தண்ணீரில் எவ்வளவு காற்று கரைந்திருக்கிறது என்று பார்க்க, அந்தக் காற்றைத்தான் மீன் மூச்சு விடுகிறது. அந்தக் காற்றின் அளவு மாறாமலிருக்க இரண்டாவது பாட்டிலில் கரையிலேயே ஒரு மருந்தை ஊற்ற வேண்டும். அந்த மருந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் உடைந்துபோயிருந்தது. ஊட்டியில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பாட்டில்களைக் காவலர் வீட்டில் வைத்துவிட்டு, சுடலைமணியோடு ஆற்றின் மேல்பக்கம் பார்க்கப் போனார்.

வீரம்மா பாட்டில்களைப் பார்த்தாள். பாவம், வழியில் குடிக்கப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். உறைபனி கொட்டும் தை மாதத்தில் வீட்டுக்கு வந்த மனுஷனைப் பச்சைத் தண்ணீரோடு அனுப்புவது அவள் வழக்கத்தில் இல்லை. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி, ஒரு சிட்டிகை சீரகம் போட்டுத் தளதளவென்று கொதிக்க வைத்து, கழுத்துவரை நிரப்பி மூடி, துண்டில் சுற்றி வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் இறங்கி வந்தபோது தண்ணீர் ஆறிப்போயிருந்தது. ஆறுக்குட்டி பாட்டில்களை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். கோயமுத்தூர்க்காரர்கள் ஒரு மாதிரிதான் என்று வீரம்மா நினைத்துக்கொண்டாள்.

அறிக்கை வந்தது. கிருமி ஒன்றுகூட இல்லை, குளிக்கவும் நீந்தவும் மாநிலத்திலேயே இதைவிடச் சிறந்த ஆறு இல்லை என்று முதல் பாதி. கரைந்த காற்று அறவே இல்லை, எந்த மீனும் இதில் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று மறு பாதி. நடுவில், ‘இனம் தெரியாத தாவரப் பொருள், நறுமணத்துடன்’ என்று ஒரு வரி. அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் இரண்டு உத்தரவு அடித்தேன். ஒன்று, கெம்பள்ளத்தில் படித்துறை கட்ட. மற்றது, இல்லாத மீனுக்குக் காவல் தேவையில்லை, படித்துறை கட்டி முடியும் மாதக் கடைசியில் சுடலைமணி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய.

படித்துறைத் திறப்பு விழாவில் எங்கள் மேலதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால்வரை இறங்கினார். இறங்கிய வேகத்தில் அலறிக்கொண்டு ஏறினார். காலை ஏதோ கடித்ததாம். சுடலைமணி பணிவாக, மீனுங்க ஐயா என்றார். மேலதிகாரி நீலம் பாரித்த உதட்டோடு, இந்த ஆற்றில்தான் மீன் இல்லையே, அறிக்கை படிக்கவில்லையா என்று அவரைத் திட்டினார். அருகில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை தட்டினேன்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். வேறு வழி தெரியாமல் அறிக்கையை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். நறுமணம் என்ற இடத்தில் வீரம்மா நிறுத்தினாள்.

“ஏனுங்க, அது சீரகமுங்களா?”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கொதித்ததில் கிருமியும் செத்தது, கரைந்த காற்றும் பறந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்லி முடித்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதினாறு வருஷத்து வீட்டை ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைத்துவிட்டேன் என்றாள். நான் படிவக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆனால் ஆற்றை ஒருவர் அடுப்பில் ஏற்றிவிட்டார் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. மறுபரிசோதனை ஐந்து வருஷம் கழித்துத்தான். ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டுங்கள் என்றேன்.

“பிடிச்சா நானே கேசு போடோணுமுங்க,” என்றார் சுடலைமணி. “காவக்காரனே பிடிச்சா மாசக் கடைசி வரைக்கும்கூட வேலை நிக்காது.”

வீரம்மா கண்ணைத் துடைத்தாள்.

“கேசு எழுதுனா, மீனு இருக்குன்னு ஆபீசுல நம்புவாங்களா?”

ஆற்றில் துள்ளுகிற மீனை நம்பமாட்டார்கள், கேஸில் இருக்கிற மீனை நம்பித்தான் ஆக வேண்டும் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் கெம்பள்ளத்தின் முதல் வழக்கு என் மேசைக்கு வந்தது. குற்றவாளி வீரம்மா, வயது நாற்பத்தொன்று. புதுப் படித்துறையில் இறங்கி, தேயிலை பறிக்கும் கூடையால் அனுமதியின்றி ட்ரவுட் மீன் ஒன்று பிடித்தது. குற்றவாளியைப் பிடித்தவர் சுடலைமணி. கைப்பற்றிய பொருள்: மீன் ஒன்று, உயிருடன்.  மீன் இருப்பதால் காவல் தேவை என்று அன்றைக்கே அடித்தேன். மேலதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வழக்கு முடியும்வரை சாட்சிப் பொருளை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. வழக்கு முடிந்தால் அறிக்கையை யாராவது மறுபடி புரட்டக்கூடும். அதனால் வீரம்மா மாதாமாதம் கோர்ட்டுக்குப் போய் வாய்தா கிடைக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு நிற்கிறாள். நம் கோர்ட்டுகள் அந்த விஷயத்தில் யாரையும் கைவிட்டதில்லை.

சாட்சிப் பொருளைப் பார்வையிட ஒருமுறை நானே போனேன். அடுப்படியில் ஒரு தகர டிரம்மில் அது சுற்றிச் சுற்றி வந்தது. எனக்குச் சீரகத் தண்ணீர் சுடச்சுட வந்தது. பிறகு வீரம்மா ஆற்றிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்து, உயரப் பிடித்து, காற்று கலக்கும்படி டிரம்முக்குள் ஊற்றினாள். காலையும் மாலையும் இப்படி ஊற்றுகிறாளாம். ஊற்றிவிட்டுக் குனிந்து மீனிடம் மெதுவாகச் சொன்னாள்.

“கோவிச்சுக்காத சாமி. உனக்கு மட்டும் பச்சத்தண்ணிதான்.”