தொழில்: எல்லாம்

சுகாதார அலுவலகத்தில் அவளுக்குப் பட்டியலக்கா என்று பேர். எதைக் கையில் கொடுத்தாலும் வரிசைப்படுத்திவிடுவாள். ஆகவே, நோயில் விழுந்து எழுந்தவர்களை நடக்கவும் பேசவும் வைக்கிறவர்கள் ஊரில் யார் யார் என்று வகை பிரிக்கும் வேலை வந்ததும் மேலாளர் யோசிக்கவே இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு படிவங்களை அவள் மேஜையில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், வீட்டுக்கு வரும் நர்ஸ் என்று ஆளுக்கு ஒரு கட்டம், ஒரே ஒரு டிக். இரண்டு டிக் போட்டால் கணினி முரண்டு பிடிக்கும். நான்கே நாளில் முன்னூற்றுப் பதினொன்றை முடித்துவிட்டாள். கடைசிப் படிவத்தில், தொழில் என்ற இடத்தில், நீல மையில் ‘எல்லாம்’ என்று எழுதியிருந்தது. தெளிவாக எழுதவும் என்று திருப்பி அனுப்பினாள். ‘எல்லாமே’ என்று வந்தது.

‘இதர’வில் போட்டுத் தலைமுழுகச் சொன்னார் மேலாளர். அவளுக்கு மனசு வரவில்லை. ‘இதர’ என்பது பரண் மாதிரி; ஏற்றியதை அப்புறம் யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை. மறுநாள் காலை படிவத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டாள்.

வீடு வீடாகச் சைக்கிளில் போவதால், படிவத்துக்குரிய பெண்ணை அந்தப் பக்கத்தில் எல்லாரும் சைக்கிளம்மா என்றார்கள். அப்போது அவள் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்துபோன ஓய்வுபெற்ற பஸ் டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டிரைவரின் மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட, பட்டியலக்கா பென்சிலோடு உட்கார்ந்தாள்.

முதலில் சட்டைப் பொத்தான். ஒற்றைக் கையால் ஐந்தையும் போட வைத்தாள் சைக்கிளம்மா. ஒரு டிக். கைப்பிடியைப் பிடித்து ஆறு படி இறங்கி ஏறினார். இன்னொன்று. ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்தாள். சக்கர நாற்காலிக்கு மனு எழுதினாள். பிறகு, அவர் ஓட்டிய பாதையின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். அவர் திக்கித் திணறி ஒன்றை விட்டுவிட்டார்.

“நடுவுல ஒரு ஸ்டாப்ல நிக்காம வந்துட்டீங்கண்ணே. அங்க காத்துக்கிட்டு இருந்தவங்க திட்டப் போறாங்க.”

டிரைவர் கோணிய வாயால் சிரித்தார். “ப... பஸ்ஸு ஃபுல்லு.”

அதற்குள் ஐந்து டிக் ஆகிவிட்டது. கணினி இதை ஏற்றுக்கொள்ளாது என்று பட்டியலக்காவுக்குத் தலை வலித்தது.

அப்போது மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்ததும் டிரைவருக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது, கண்ணெல்லாம் நீர். ஒரு வாரமாக இப்படித்தான், மனுஷனுக்கு எதிலும் அவசரம் என்று மனைவி குறைபட்டுக்கொண்டார். சைக்கிளம்மா சிரிக்கவில்லை. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, டம்ளரை வாங்கித் தள்ளி வைத்தாள்.

“இது என் வேலை இல்ல. நான் தொடக் கூடாது.”

காலையிலிருந்து அவள் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பட்டியலக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எங்கே என்ன படித்தாள் என்று விசாரித்தாள்.

“சமூக மறுவாழ்வுப் பயிற்சிக்கா, எட்டு மாசம். பிசியோ எழுதிக் குடுக்கறதைத்தான் செய்ய வைக்கிறேன், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அவங்களே வந்து பாப்பாங்க. தண்ணி தப்பான வழியில நெஞ்சுக்குள்ள போகுதான்னு பாக்க வேற ஆள் வேணும். யாரைக் கூப்பிடறதுன்னுதான் தெரியல.”

பட்டியலக்காவுக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்தேழாம் படிவம், பேச்சுப் பயிற்சியாளர், ‘பேச்சு, விழுங்குதல்’ என்று அந்தப் பெண் தன் கையாலேயே எழுதியிருந்தாள். இரண்டே தெரு தள்ளி இருக்கிறாள்.

“பேச்சு சொல்லித்தர்றவங்களா தொண்டையைப் பாப்பாங்க?” என்றார் மனைவி.

“ரெண்டுக்கும் வாசல் ஒண்ணுதானம்மா,” என்று சொல்லிக்கொண்டே பட்டியலக்கா எண்ணை அழுத்தினாள்.

நாலு மணிக்கு வந்த பேச்சுப் பயிற்சியாளர், தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்து, தொண்டையின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். கொண்டுவந்த பொடியைக் கலந்து தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லி, மருத்துவமனையில் ஒரு சோதனைக்கும் எழுதிக் கொடுத்தாள். பசை மாதிரி இருக்கிறது என்று டிரைவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் இருமவில்லை. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார்.

அரை நாள் லீவு போட்டு அங்கேயே தங்கிவிட்ட பட்டியலக்கா, ஐந்து டிக்கையும் ரப்பரால் அழித்தாள். பதினோராம் கட்டம் ‘சமூக மறுவாழ்வுப் பணியாளர்’. அதுவரை யாருமே விழாத கட்டம், அச்சுப் பிழையோ என்றுகூட அவள் நினைத்திருந்தாள். அதில் பேனாவால் அழுத்தி ஒரு டிக் போட்டுக் காட்டினாள்.

சைக்கிளம்மா அதை இரண்டு தரம் படித்தாள். சான்றிதழில் இருக்கிற பேர்தான், ஆனால் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றாள். உடனே, பயிற்சிக்கு நல்ல சொல் என்று டிரைவரைச் சொல்லச் சொன்னாள்.

“ச... சமூக... மறு...” அவர் பாதியில் களைத்துப்போனார். “சைக்கிளம்மா.”

மறுநாள் மேலாளர் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்பக் கேட்டபோது, பட்டியலக்கா இரண்டு பிரதி நீட்டினாள். ஒன்று மேலிடத்துக்கு, மற்றது ஊரில் ஒவ்வொரு கட்டடத்தின் கீழ்வாசலிலும் ஒட்டுவதற்கு. இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்றார். இனிமேல்தான் நீங்கள் கொடுக்க வேண்டும் என்று பேனாவை நீட்டினாள். அவர் பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பேச்சுப் பயிற்சியாளர் போன் செய்து, ஒரே நாளில் நாலு பேர் வாசலில் வந்து நின்றால் எப்படிச் சமாளிப்பது என்று குறைபட்டாள். சந்தோஷமாகத்தான் குறைபட்டாள்.