ஒரே துணியில் சாப்பாடு

மினிபஸ்ஸில் ஏறியதுமே கசில்தா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் கொடுப்பில் அடக்கியிருந்த கோக்கா இலையின் பச்சை வாடை, யாரோ மடியில் வைத்திருந்த பொரித்த மீன், குளிக்காமல் கோயிலுக்குப் போய் அப்படியே வந்துவிட்ட கம்பளிச் சட்டைகள். ஜன்னல் விளிம்பில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது என்ன என்று யோசிக்கக்கூடாது என்று நினைத்த நேரத்திலேயே யோசித்துவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவர் எச்சிலைக் கழுவுகிறவள்தான். ஆனால் அங்கே கையுறை உண்டு, கொதிக்கும் தண்ணீர் உண்டு, வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்பு போடலாம். வாழ்க்கையிலும் அப்படி ஒரு கையுறை இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைப்பதுண்டு. கடவுள் மனிதருக்கு மூக்கைக் கொடுத்ததில் குற்றமில்லை. அவளுக்குக் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

திருச்சிலுவை நாளை ஒட்டிய ஞாயிறன்று எங்கள் பங்குக் கோயில்காரர்கள் சாத்தானின் கடைவாய்ப்பல் என்கிற மலைக்கு நடந்து போவது வழக்கம். லா பாஸ் நகரத்தின் தெற்கே வீடுகள் முடிகிற இடத்திலிருந்து ஏற வேண்டும். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். உச்சியில் நிற்கிற பாறை, வேரோடு பிடுங்கிக் கவிழ்த்து வைத்த கடைவாய்ப்பல்லைப் போலவே இருக்கும். அதன் அடியில் உள்ள புல்வெளியில் ஒரு ஜெபம், பிறகு அப்தாபி. அவரவர் கட்டிக்கொண்டு வந்ததை எல்லாம் ஒரே வரிசையாக விரித்த துணியில் கொட்டிவிடுவார்கள். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது, என்னுடையது உன்னுடையது கிடையாது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும்.

"உனக்கென்ன கசில்தா, தினம் பல்லு பாக்கிறவ. போற போக்குல இந்தப் பல்லையும் கொஞ்சம் தேச்சு விட்டுட்டு வா" என்றார் தோன்யா எல்வா. நடைக்கு ஆள் சேர்ப்பவரும் பாட்டு எடுத்துக் கொடுப்பவரும் எல்லார் வீட்டு விஷயமும் தெரிந்தவரும் அவர்தான். வண்டி முழுக்கச் சிரித்தது. கசில்தா கைக்குட்டைக்குள் சிரிப்பது போலக் காட்டினாள்.

அவள் மனம் முந்தைய மாலையிலேயே நின்றிருந்தது. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது மகன் லிம்பெர்ட் அடுப்படிக்கு வந்தான்.

"அம்மா, நாளைக்கு மேல போனதும் உன் டப்பாவைத் திறந்துக்கிட்டு தனியா உக்காந்துடாத."

"எப்பவும் நான் டப்பாலதானடா சாப்பிடறேன். எல்லாருக்கும் தெரியும்."

"நாளைக்கு முடியாது. மரிட்ஸாவோட அப்பா வரார்." அவன் குரலைத் தாழ்த்தினான். "முன்னாடி ஒரு எடத்துல அவளுக்குப் பேசினாங்களே, அந்தப் பையனோட அம்மா இவர் தொட்ட தட்டைத் தள்ளி வெச்சாங்களாம். அன்னிக்கே மரிட்ஸா எழுந்து வந்துட்டா. என்கிட்டயும் சொல்லிட்டா. 'எங்கப்பா கை பட்ட சாப்பாட்டை உங்கம்மா சாப்பிடட்டும், நான் உங்க வீட்டுக்கு வரேன். மூஞ்சி சுளிச்சாங்கன்னா வேண்டாம்'னு."

"அவர் வேலை அப்படிடா."

"வேலை தெரியும்மா. நான் கேக்கறது ஒரு வேளைச் சாப்பாடு."

லிம்பெர்ட் கட்டிக்கொள்ள நினைத்திருந்த மரிட்ஸாவின் தந்தை சிப்ரியானோ நகரத்துச் சாக்கடைகளில் அடைப்பு எடுக்கிறவர். மூடியைத் திறந்து இடுப்பளவு இறங்கி, குழாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிற வேலை. கசில்தா ஒருமுறை சந்தைக்குப் போகும் வழியில் அப்படி ஒரு மனிதர் வெளியே வருவதைப் பார்த்து, அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமலே இருந்தாள். அது அவர்தானா என்று தெரியாது. ஆனால் மனம் அவர்தான் என்று முடிவு கட்டியிருந்தது.

வண்டி நின்ற இடத்தில் சிப்ரியானோ மரிட்ஸாவோடு காத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு, முதுகில் சிவப்பும் பச்சையுமாய்க் கோடு போட்ட அவாயோ துணியில் சாப்பாட்டு மூட்டை. மனைவிக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை, சமைத்து மட்டும் அனுப்பினாள் என்றார். சோப்பு மணம் தூக்கலாக இருந்தது. எதை மறைக்க இவ்வளவு சோப்பு என்று கசில்தாவின் மூக்கு உடனே கேட்டது. அவர் கை நீட்டவில்லை. தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். அதற்காக அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள்.

ஏற்றம் தொடங்கியது. காய்ந்த மண்ணும் சரளையுமான பாதை, ஓரடி வைத்தால் அரையடி பின்னால் சறுக்கியது. இளையவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னே போய்விட்டார்கள். லிம்பெர்ட்டும் மரிட்ஸாவும் அவர்களோடு போனார்கள். மரிட்ஸா மட்டும் ஒருமுறை நின்று திரும்பி, தன் அப்பாவையும் கசில்தாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கசில்தா தரையைப் பார்த்தே நடந்தாள், பார்க்காமலிருக்க முடியாததால். முள்செடிகளில் குழந்தைகளின் அணையாடைகள் தொங்கின. பாறை இடுக்குகளில் காகிதம், அதன் கீழே ஈ. முன்னே போனவர்கள் துப்பிய பச்சை எச்சில் கல்லுக்குக் கல் பளபளத்தது. இரண்டு தெருநாய்கள் கூடவே வந்தன. ஒன்றின் காதில் புண், அதில் சீழ். அது அடிக்கடி வந்து அவள் பாவாடையில் காதைத் தேய்த்தது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. தண்ணீரைக் காலையிலேயே குடித்து முடித்திருந்தாள்.

கடைசிச் செங்குத்துக்குக் கீழே அவளால் முடியவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்தாள். சிப்ரியானோ மெதுவாகவே பின்னால் வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஏறத் தெரியாமல் இல்லை. யாராவது கடைசியில் வரவேண்டும் என்பதற்காக வந்தார்.

"ரொம்ப வேகமா மூச்சு வாங்குதும்மா. கொஞ்சம் இலை போட்டுக்குங்க, தேவலாம்."

முதுகு மூட்டையை இறக்கி அவள் காலருகே வைத்து, முடிச்சை அவிழ்த்துத் தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தார். உள்ளே கருத்த சூன்யோ கிழங்கும் வேகவைத்த சோளமும் உப்புக்கண்டமும் ஆவி அடங்கிக் கிடந்தன. பிறகு இடுப்பிலிருந்த சின்னப் பையில் விரலை விட்டு ஒரு பிடி கோக்கா இலை எடுத்து நீட்டினார்.

கொடுக்கிற இலையை இரண்டு கையும் ஏந்தி வாங்குவதுதான் எங்கள் பக்கத்து முறை. வேண்டாம் என்றால் முகத்தில் அறைந்த மாதிரி. கசில்தா கைகளை ஏந்தினாள். அவர் விரல்களைப் பார்த்தாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். ஆனால் தோலின் வெடிப்புகளில் எந்தச் சோப்பும் போக்காத கறுப்புக் கோடுகள் ஓடின. சனிக்கிழமை அந்த விரல்கள் எங்கே இருந்திருக்கும்? மகன் கேட்டது ஒரு வேளைச் சாப்பாடு, இது வெறும் இலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாயில் போட்டாள். மென்றாள். கசப்பு நாக்கில் பரவியது. சந்தைக்குப் போகிற வழியும், திறந்த மூடியும், முழங்கை வரை வழிந்த கறுப்பும் கண்ணுக்குள் வந்து நின்றன.

அவள் காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பதைப் பார்த்து அவர் குனிந்தார். அந்த நேரத்தில்தான் அது வந்தது. தடுக்க முடியவில்லை. காலையில் தின்ற இறைச்சி அப்பம், பச்சை இலை, புளித்த நீர் எல்லாம் ஒரே வேகத்தில் அவர் தோள்மேலும் திறந்து கிடந்த மூட்டையின் மேலும் கொட்டியது. அது முடிவதற்குள் இன்னொரு தடவை.

சிப்ரியானோ துள்ளி விலகவில்லை. ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், முழுவதும் வெளியே வரும்வரை. பிறகு தன் கழுத்துத் துண்டை நனைத்து அவள் வாயையும் கழுத்தையும் துடைத்தார். முடியில் சிக்கியிருந்ததை விரலால் எடுத்தார்.

"வெயில்மா. வெறும் வெயில். வேற ஒண்ணுமில்ல."

அது வெயில் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவர் அவள் கண்ணைப் பார்க்காமல் பேசியதிலேயே அவளுக்குப் புரிந்தது.

"உங்க... உங்க வீட்டுச் சாப்பாடு" என்றாள்.

"நாய்ங்களுக்கு இன்னிக்குத் திருவிழா" என்றார்.

நாய்கள் அதற்குள் மூட்டையில் முகம் புதைத்திருந்தன. புண்காது நாய் சூன்யோவையும் அதன் மேலிருந்ததையும் பிரித்துப் பார்க்காமல் நக்கித் தின்றது. கசில்தாவுக்கு மறுபடியும் குமட்டியது. இந்த முறை குமட்டியது தன்னை நினைத்தும்தான். அவர் துணியை உதறி, சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். தோளை மண்ணால் தேய்த்துக்கொண்டார். மிச்சத் தண்ணீரில் முதலில் அவள் கையைக் கழுவ ஊற்றி, கடைசிச் சொட்டில் தன் கையைக் கழுவினார். அவளுடைய மூட்டையையும் வாங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டார்.

மேலே துணிகள் விரித்தாகிவிட்டது. பல்லின் நிழல் புல்வெளியில் பாதியை மூடியிருந்தது. ஜெபம் முடிந்து ஒவ்வொருவராய் வந்து கொட்டினார்கள். உருளைக்கிழங்கு, மொச்சை, பாலாடைக்கட்டி, பொரித்த மீன், நடுவில் காரத் துவையல். சிப்ரியானோ கசில்தாவின் மூட்டையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன தோன் சிப்ரியானோ, வெறுங்கையோட?" தோன்யா எல்வா கேட்டார். "தின்ன மட்டும் வாயைக் கொண்டு வந்தீங்களா?"

சிலர் சிரித்தார்கள். அப்தாபிக்கு வெறுங்கையோடு வருவதைவிடப் பெரிய வெட்கம் எங்களுக்குள் இல்லை. மரிட்ஸாவின் முகம் சிவந்தது.

"அப்பா, அம்மா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து அவிச்சாங்களே. எங்க?"

"கால் வழுக்கிடுச்சும்மா. பள்ளத்துல போட்டுட்டேன். என் தப்புதான்."

"சட்டையில என்ன அது, நாறுது" என்றார் பக்கத்திலிருந்தவர். "சாப்பிடற எடத்துல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"அவர் தொழில் வாடை, எங்க போகும்" என்று வேறொரு குரல், தாழ்வாக.

லிம்பெர்ட் அம்மாவைப் பார்த்தான். கசில்தாவின் கையில் அவளுடைய மூட்டை இருந்தது. வாய் திறக்காவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லோரும் அவரிடமிருந்து விலகி உட்காருவார்கள், அவளும் தூரமாக உட்கார்ந்து ஒரு கிழங்கைக் கடித்துவிட்டு எழுந்துவிடலாம். அந்தப் பிளாஸ்டிக் பை அவர் காலருகே இருந்தது. அதன் நாற்றம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுடையது.

"அது அவர் வாடை இல்ல" என்றாள். "நான் வாந்தி எடுத்தேன். அவர் மேலயும் அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேலயும். அவர்தான் என்னைக் கழுவி விட்டார்."

அவளுக்கு அருகே உட்கார்ந்திருந்த பெண் பாவாடையை ஒதுக்கிக்கொண்டாள். யாரோ மீன் குவியலைத் தம் பக்கமாக இழுத்தார்கள்.

"ஏ கசில்தா, கையைக் கழுவினியா?" என்றார் தோன்யா எல்வா. இந்த முறை அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

இத்தனை வருஷமாகத் தான் அடுத்தவர்களைப் பார்த்த அதே பார்வையை எல்லார் முகத்திலும் கசில்தா பார்த்தாள். மூட்டையைத் திறந்து, துணியின் ஓரத்தில் மொத்தத்தையும் கொட்டினாள்.

"இது மரிட்ஸா வீட்டு மூட்டை. என்னுதுதான் கெட்டுப்போச்சு. வெறுங்கையோட வந்தவ நான்."

சொல்லிவிட்டு, அந்த ஓரத்தில் தனியாக உட்கார்ந்தாள். எடுக்க அவள் கை நீளவில்லை. யாருக்குக் குமட்டுமோ என்று பயந்தாள். அந்தப் பயம் அவளுக்குப் புதிது.

சிப்ரியானோ அவள் எதிரில் வந்து மண்டியிட்டார். ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, அந்தக் கறுப்புக் கோடு ஓடிய விரல்களால் தோலை உரித்து, துவையலில் தொட்டு நீட்டினார்.

"சாப்பிடுங்க சம்பந்தியம்மா. காலி வயித்தோட எறங்க முடியாது."

மரிட்ஸா பார்த்துக்கொண்டிருந்தாள். கசில்தா கிழங்கைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். அருவருப்பு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அது தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டு கையும் ஏந்தி வாங்கி, அதையும் சேர்த்தே விழுங்கினாள். சூடு ஆறிய சாதாரணக் கிழங்கு. உப்பு கொஞ்சம் குறைவு, அவள் கைப்பக்குவம்தான்.

"இன்னொண்ணு உரிச்சுக் குடுங்க" என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

மரிட்ஸா எழுந்து வந்து அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்து, தோன்யா எல்வா மீன் குவியலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

இறங்கும்போது கசில்தா அந்தப் பிளாஸ்டிக் பைக்குக் கை நீட்டினாள்.

"குடுங்க. துணியை நான் துவைச்சுத் தரேன்."

"வேண்டாம்மா, நாறும். எனக்குப் பழக்கம்."

"என்னுதுதானே நாறுது."

திரும்பும் மினிபஸ்ஸில் பை அவள் மடியில் இருந்தது. முடிச்சையும் மீறி வாடை கசிந்தது. முன்னால் இருந்தவர் ஜன்னலைத் திறந்தார், பின்னால் யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது. கசில்தா கைக்குட்டையை எடுத்து அந்தக் குழந்தையிடம் கொடுத்தாள். பிறகு பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை வாயால் மூச்சு விட்டுக்கொண்டே போனாள்.