நண்டுக்கு அடியில் இன்னொன்று

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது அண்ணி போனில் சொன்ன கதை. கேட்டதிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

"ஒரு காலத்தில் கடலாக இருந்த அந்தக் கல்குவாரியில்..." (பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

"அண்ணன் அந்தக் கல்லைத் தூக்கியபோது..." (பரவாயில்லை. இப்படியே போவோம்.)

2

அண்ணன் அந்தக் கல்லைத் தூக்கியபோது ஓரத்தில் ஒரு கொடுக்கின் நுனி தெரிந்தது. கல்லாகிப்போன நண்டு. அண்ணன் குவாரியில் லாரி ஓட்டுகிறவர். அண்ணிக்கு அருங்காட்சியகத்தின் பின்னறையில் வேலை: இப்படிக் கிடைப்பவற்றைச் சுற்றியுள்ள கல்லை, காற்றழுத்தத்தில் துடிக்கும் ஊசியால் பொடிப்பொடியாக உதிர்ப்பது. "கல்லைச் சொறியுற உத்தியோகம்" என்று கிண்டலடித்துக்கொண்டே இருந்த மனுஷன், அன்று அந்தக் கல்லைச் சட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"உனக்குத்தான்."

(அண்ணியின் முகத்தை வருணித்து எழுதி, அடித்துவிட்டேன். அண்ணன் அவருக்கு வேறெதையும் இப்படிக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. அது போதும்.)

3

மாதக்கணக்கில் வேலை. ஓடு, கண்குழிகள், இரண்டு கொடுக்குகள்: முழு நண்டு. "என் நண்டு" என்று அண்ணன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் படம் அனுப்பினார். கண்காட்சிக்கு நாள் குறித்தார்கள்.

அப்போதுதான் இடது கொடுக்குக்கு அடியில், வளையம் வளையமாக, மெல்லிய உடல் ஒன்றின் விளிம்பு தெரிந்தது. இறால்.

"நண்டு வகை தெரிஞ்சதுதான் தம்பி. இந்த மாதிரி இறாலை நான் பார்த்ததே இல்ல."

"கொடுக்கைப் பெயர்த்து எடுத்துட்டு, அப்புறம் ஒட்டிடலாமே அண்ணி?"

"மாவு மாதிரி இருக்கு. தொட்டா உதிர்ந்துடும்."

"அப்ப விட்டுடுங்க."

"எப்படி விடுறது? அடியில இருக்குன்னு தெரிஞ்சப்புறம்?"

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"அது உங்கண்ணன் எனக்குக் குடுத்தது" என்றார்.

4

முதல் பிரதியில், "என் நண்டுமேல கை வச்சுப் பாரு!" என்று அண்ணனைக் கத்த வைத்தேன். பொய். அவர் கத்தமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். அண்ணிக்கு அதுதான் பயம். அடுத்த பிரதியில் அவரே பெருந்தன்மையாக "எடுத்துடு" என்றார். அதையும் கிழித்தேன். கதையின் வசதிக்காக ஒருவர் நல்லவராகிவிடுவதை என்னால் நம்ப முடியவில்லை.

நேற்று அண்ணி மறுபடி அழைத்தார். ஏதோ ஒன்றை முடிவு செய்து, செய்தும் விட்டிருந்தார். என்னவென்று சொன்னார்.

"உங்கண்ணனுக்கு இன்னும் தெரியாது. நீ இத எழுதுறதா இருந்தா..."

வாக்கியத்தை முடிக்காமலே போனை வைத்துவிட்டார்.

5

ஆக, கொடுக்கு இருக்கிறதா, இறால் வெளியே வந்ததா என்பது எனக்குத் தெரியும். எழுதினால் ஒரு வரிதான். எழுதப்போவதில்லை. ஏனென்றால் நான் எதை எழுதினாலும், அச்சுக்குப் போகும் முன் படித்து எழுத்துப்பிழை திருத்தித் தருகிற ஒரு வாசகர் உண்டு.

அண்ணா, இதுவரை வந்துவிட்டாய். கண்காட்சி நாளை மறுநாள். அண்ணி பக்கத்து அறையில்தான் இருப்பார். பேனாவை வைத்துவிட்டுப் போய்க் கேள். பதில் எதுவானாலும் தயவுசெய்து ஏதாவது பேசு.

மற்றவர்கள் என்னோடு எழுந்து வாருங்கள். கதவைச் சாத்திவிட்டுப் போவோம்.