எடைமேடையில் இறங்கிய தூக்கம்

மஞ்சம்பாளையத்தில் சின்னக் குழந்தைகளின் மதியத் தூக்கம் பன்னிரண்டே முக்கால் டவுன் பஸ்ஸில் வரும். கடைசி நிறுத்தமான பள்ளிவாசலில் ஏழெட்டுத் தூக்கங்கள் இறங்கி, வெயிலுக்கு ஓரமாக ஒதுங்கி, அததன் வீட்டைப் பார்த்து நடக்கும். இரவுத் தூக்கத்துக்கு இந்த அலைச்சல் கிடையாது. அது வீட்டோடு இருப்பது. ஆனால் ரொம்பப் பொடிசு; முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் கேட்கும். அதை நம்பி எந்தத் தாயும் எதையும் திட்டம் போடுவதில்லை.

மேகலா வீட்டுக்கு இரண்டு தூக்கங்கள் வந்துகொண்டிருந்தன. எட்டு மாதக் கைக்குழந்தை அகிலனுடையது சுருட்டி வைத்த பாய் உயரம், அரிசி கழுவிய தண்ணீரின் நிறம். அதற்கு இன்னும் கண் சரியாகத் திறக்கவில்லை. இரண்டரை வயது தாரணியுடையது அதைவிட ஒரு முழம் உயரம், கொஞ்சம் தடிமன். சின்னது நேராக உள்ளே வந்து தூளிக்குள் ஏறிவிடும். பெரியது கேட்டுக்கு வெளியிலேயே நிற்கும். தாரணி மூன்று தடவையாவது “இப்ப வேண்டாம்” என்று சொல்வாள் என்பது அதற்குத் தெரியும்.

இரண்டும் வந்து சேர்ந்த பிறகு மேகலாவுக்கு ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் அவள் குளிப்பாள். சோற்றைச் சூடாகத் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவாள். மிச்சமிருந்தால் சுவரில் சாய்ந்து, யாரும் பிடித்திராத தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை மதியம் அவள் தூளியை ஆட்டியபடி எப்போதும்போல ‘ம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அதில் வார்த்தை கிடையாது, ராகம் என்றும் சொல்ல முடியாது. வாழைப்பழம் தின்ற கையோடு வந்த தாரணி அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

“பாப்பாக்குப் பாடாத. பாடவே பாடாத.”

அன்றைக்குத் தூக்கம் ஏற்கெனவே தூளிக்குள் ஏறியிருந்தது. அதனால் மேகலாவும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாய் திறந்தாலே பிசுபிசுத்த அந்தச் சின்னக் கை வந்து மூடியது.

செவ்வாய்க்கிழமை தாரணியுடைய தூக்கம் மட்டும் வந்தது. தம்பியுடையது எங்கே என்று மேகலா கேட்டதற்கு அது கிழக்கே கையைக் காட்டிவிட்டு வழக்கம்போல கேட்டில் நின்றுகொண்டது. புதனும் அப்படியே. அகிலன் நாள் முழுக்கத் தவழ்ந்து அவள் பின்னாலேயே வந்தான். செய்தித்தாளில் பாதிப் பக்கம் தின்றான். ஒரு கரண்டியைப் பார்த்துச் சிரித்தான், அடுத்த நிமிடம் அதே கரண்டியைப் பார்த்து அழுதான். கண்ணிரண்டும் சிவந்துவிட்டன. மேகலா நின்றபடியே நான்கு வாய் தின்றாள். பருப்பு இரண்டு நாளும் அடிப்பிடித்தது. வியாழக்கிழமை தேங்காய் எண்ணெய் என்று நினைத்துப் பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தலையில் தடவிக்கொண்டாள். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் அழுதாள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு குழந்தைகளும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

அவள் கணவன் ரகுபதி நூல் மில்லில் வேலை பார்ப்பவன். ஞாயிறு ஒரு நாள்தான் பகலில் வீட்டில் இருப்பான். அதுவாக வந்துவிடும் என்று அவன் போனில் சொன்னான். எதிர்வீட்டு சபீனாவோ, பஸ்ஸில் வருவதைப் பற்றிக் கண்டக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றாள். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். இந்த விஷயத்தில் அவள் சொல்வதை ஊரில் எல்லோரும் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை மேகலா கிளம்பினாள். தாரணி வலது செருப்பை இடது காலில்தான் போடுவேன் என்றாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் வேண்டும் என்றாள். இரண்டுக்கும் சரி சொன்ன பிறகும் வாசலைத் தாண்ட இருபது நிமிடம் ஆனது. பள்ளிவாசல் நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. தூக்கங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தாரணியுடையது இறங்கி அவளைப் பார்த்தது. “இப்ப வேண்டாம்” என்றாள் தாரணி. தன் இரட்டையரின் தூக்கங்களுக்காக அங்கே வந்திருந்த சபீனா அதையும் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

கண்டக்டருக்கு விஷயம் தெரிந்திருந்தது. “நானா எறக்கி விடலைங்க அம்மிணி. செவ்வாக்கெழமைல இருந்து அது எடைமேடை ஸ்டாப்புல தானா எந்திரிச்சு எறங்கிக்குது. நான் டிக்கெட்டப் பாத்தேன், பள்ளிவாசல்னுதான் போட்டிருக்குது.”

பஸ் அங்கேயே திரும்பியது. மேகலா குழந்தைகளோடு ஏறி, ஒரு நிறுத்தம் தள்ளி எடைமேடையில் இறங்கினாள்.

அது லாரிகளை நிறுத்தி எடை போடும் இடம். பெரிய இரும்புத் தகடு, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஆறு லாரிகள் வரிசையில் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கொட்டகைக்குள் எடை போடும் சின்னராசு, ஐம்பது வயதுக்காரர், மேசைக்கு அடியில் துண்டை விரித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, கட்டைவிரலைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மார்பின் மேல் அகிலனுடைய தூக்கம் இருந்தது. பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்து அவர் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

தட்டுவதை நிறுத்தினால் எழுந்து அழுகிறார் என்று டிரைவர் தணிந்த குரலில் சொன்னார். சின்னராசுவின் சொந்தத் தூக்கம் பதினோரு வருஷத்துக்கு முன்னால் மக்காச்சோள லாரி ஒன்றில் ஏறிப் போனதாம். அதன்பிறகு திரும்பவில்லை. டிரைவர்கள் போகிற ஊரிலெல்லாம் விசாரித்தார்களாம். இந்தச் சின்னது நான்கு நாளாக வருகிறது. கொஞ்சம் தூங்கட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்களாம்.

மேகலா நின்று கேட்டாள். மேசை மேல் எடை காட்டும் பெட்டி ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. அவள் இழுக்கும் அதே இழுப்பு. கண் திறக்காத தூக்கம் எதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. அவள் குனிந்து, தூக்கத்தின் பக்கத்தில் மெதுவாக ‘ம்ம்’ என்று ஆரம்பித்தாள். தாரணியின் கை வந்து வாயைப் பொத்தியது.

மேகலா அந்தக் கையை விலக்கவில்லை. அகிலன் அவள் தோளில் நெற்றியைத் தேய்த்துச் சிணுங்கினான்.

தாரணி கையை எடுத்துவிட்டுத் தூக்கத்தை உற்றுப் பார்த்தாள். விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். “இது பாப்பாவுதா?”

“ஆமா கண்ணு.”

“எனக்கு வேணும்.”

அவள் தரையில் உட்கார்ந்து, டம்ளரை வாயில் வைத்து அதற்குள் ‘ம்ம்ம்’ என்றாள். பெட்டியின் இரைச்சலைவிட அது பெரிதாகக் கேட்டது. தூக்கம் சின்னராசுவின் மார்பிலிருந்து இறங்கி, தடவித் தடவி வந்து, அவள் மடியில் ஏறியது. தாரணி அதைக் கால் வழியாக மேலே இழுத்துப் பார்த்தாள். அது முழங்கால் வரைக்கும்தான் வந்தது. முழங்காலுக்குக் கீழே அவள் கால்கள் இரண்டும் தூங்கிவிட்டன. மேலே அவள் விழித்திருந்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். தூக்கத்தில் எங்கோ நூல் விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது.

இழுக்காதே என்று சொன்னால் என்ன ஆகும் என்று மேகலாவுக்குத் தெரியும்.

“சின்னது” என்றாள் தாரணி கடைசியில். போன வருஷத்துக் கவுனைக் கழற்றுவதுபோல அதைக் காலிலிருந்து உருவினாள். “பாப்பா போட்டுக்கட்டும்.” பிறகு யோசித்துவிட்டு, “நீ பாடு” என்றாள்.

மேகலா பாடினாள். தூக்கம் அவள் சேலையைப் பிடித்து ஏறி, அகிலனின் கழுத்துக்கடியில் புகுந்துகொண்டது. அவன் ஒரு பெருமூச்சு விட்டான். தலை அவள் தோளில் கனமாக விழுந்தது.

வரிசையில் முதலாவது லாரி இன்னும் தகட்டில் ஏறவில்லை. தாரணிக்கு அந்தத் தகட்டின் மேல் நிற்க வேண்டும் என்று ஆசை. மேகலா அவளைக் கூட்டிப்போய் நின்றாள். தாரணியின் கால்கள் இன்னும் பாதித் தூக்கத்தில் இருந்தன. கொட்டகை வாசல் வழியே தெரிந்த பெட்டி அறுபது கிலோ என்று காட்டியது. கூடவே வந்து தகட்டுக்கு வெளியில் நின்ற டிரைவர் அகிலனை ஒரு கண் பார்த்து, தூக்கத்தை மட்டும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். எழுபது காட்டியது. திருப்பிக் கொடுத்தார். மறுபடி அறுபது. தூக்கம் ஏறினால் இப்படித்தான் பத்து குறையும் என்றார் அவர். மேகலாவுக்கும் இடுப்பில் அப்படித்தான் தெரிந்தது.

உள்ளே சின்னராசு எழுந்து உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கியிருந்தார். மேகலா கொட்டகைக்குத் திரும்பிப் போனாள். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, நாலு நாளும் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். எடுத்துக்கொண்டு போகாதே என்று சொல்லவில்லை. எடைச் சீட்டுக் கட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

மேகலா வாசல் வரை போய் நின்றாள்.

“ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்காரர் இருப்பாருங்க” என்றாள். “கொழந்தைய அவர் பாத்துக்குவார். அன்னிக்கு மட்டும் இது இங்க எறங்கிக்கட்டும்.”

சின்னராசு தலையை ஆட்டினார். பெட்டியை வாரத்தில் மற்ற நாட்களில் பன்னிரண்டே முக்காலுக்கு அணைத்து வைப்பதாகச் சொன்னார். கண்டக்டரிடம் தானே பேசிவிடுவதாக டிரைவர் சொன்னார். அகிலன் தூக்கத்தில் ஒரு தடவை சிரித்தான்.

வீட்டுக்கு வந்தபோது சபீனா வாசலில் தாரணியுடைய தூக்கம் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. தாரணி “இப்ப வேண்டாம்” என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் வீடு அமைதியானது. மேகலா தலைக்குக் குளித்தாள். ரசத்தைச் சூடு பண்ணி, தட்டில் சோறு போட்டு, அப்பளத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் தின்றிருப்பாள். இவ்வளவு அமைதியைக் கண்ட மதியம், ஜன்னல் வழியாக உள்ளே வந்து, குழந்தைகளுக்கு நடுவில் படுத்து, அதுவும் தூங்கிப்போனது. கடிகாரம் இரண்டு பத்தில் நின்றது. மேகலா கையை அலம்பிவிட்டு வந்து, மதியத்தின் மேல் ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

வாசலில் நான்கு மணிப் பால்காரர் வந்து சைக்கிளை ஓசையில்லாமல் நிறுத்தினார்.

“மதியம் எந்திரிச்சுதுங்களா?” என்று கிசுகிசுத்தார்.

“இன்னும் இல்லீங்க” என்றாள் மேகலா.

அவர் கேனை நிழலில் நகர்த்தி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.